வீடு திரும்பும் வறுவல் வாசம்

ஒரு தலைமுறைக்கு முன் பாட்டிகள் கைவிட்ட வேலையை இப்போது மெஷின் மீட்டுத் தருகிறது. ஆனால் காதும் மூக்கும் இல்லாமல் அது வேலைக்காகாது.

வடகரப்பதியில் காபித் தோட்டம் கிடையாது. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோவையை ஒட்டிக் கிடக்கும் இந்தத் தமிழ் பேசும் கேரள கிராமத்துக்குக் காபி என்பது கடையிலிருந்து வரும் சரக்கு. ஆனால் தெற்கே நெல்லியாம்பதி மலையில் அது விளைகிறது. அதற்கும் தெற்கே, தேனி மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடுக்கி மலைகளில், அறுவடைக் காலத்தில் வீட்டு முற்றத்திலேயே காபிப் பழம் காய்கிறது. வேடிக்கை என்னவென்றால், சமவெளிக்காரரைப் போலவே மலைக்காரர்களிலும் பலர் காலையில் பிரிப்பது கடைத் தூள் பாக்கெட்டைத்தான். முற்றத்தில் காய்ந்த சரக்கு மூட்டையாகி வியாபாரியிடம் போய்விடுகிறது. அது என்ன ருசி என்பது விளைவித்தவருக்கே தெரிவதில்லை.

இந்த விசித்திரத்துக்கு ஒரு மருந்தாக வந்திருக்கிறது வீட்டில் வைத்துக் காபிக்கொட்டை வறுக்கும் மெஷின். நகரத்து ஆசாமிகளின் புதுப் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கரி அடுப்பின் மேல் இரும்பு உருளையை வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கொட்டையை வறுத்து, மேஜை விளிம்பில் திருகிய கை மெஷினில் அரைத்துக் குடித்த தமிழ் வீடுகள் ஏராளம். கரி அடுப்பு போனது, கேஸ் வந்தது. கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் கடைகள் வந்தன. பின்னாலேயே பாக்கெட்டும் இன்ஸ்டன்ட் காபியும். உருளை பரணுக்குப் போய், பிறகு பழைய இரும்புக்காரரிடம் போனது.

விவசாயிக்கும் தன் சரக்கைத் தானே ருசி பார்க்க வேண்டிய அவசியம் அப்போது இருக்கவில்லை. 1942இன் காபிச் சட்டத்தின் கீழ் பல பத்தாண்டுகள் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுப்பதுதான் நடைமுறை. 1990களில் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழுச் சுதந்திரம் வந்தது. இப்போது யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் நல்ல சரக்கு எது, சுமார் சரக்கு எது என்று தெரியாதவர் எதை வைத்து விலை பேசுவது? வறுத்துக் குடித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

எந்த மெஷின்?

மூன்று ரகம் உண்டு. முதலாவது, பழைய உருளையின் பேரன்: கேஸ் அடுப்பில் வைத்துக் கையால் சுற்றுவது. மலிவானது, மின்சாரம் வேண்டாம், கை வலிக்கும். இரண்டாவது, சூடான காற்றை ஊதிக் கொட்டைகளைத் துள்ளவைத்து வறுப்பது. பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒரு தடவைக்குச் சுமார் நூறு கிராம்தான் கொள்ளும். மூன்றாவது, மின்சார உருளை. கொரியாவின் ஜீன் கஃபே, அமெரிக்காவின் பெஹ்மோர் போன்றவை இந்த ரகம். கால் கிலோவோ அதற்கு மேலோ போடலாம், நேரம் கூடும்.

வாங்குமுன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான மாடல்கள் 120 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் முதல் நாளே கதை முடியும். இன்னொன்று, இவை 1,300, 1,400 வாட்ஸ் இழுப்பவை. பெரிய பிளக் பாயின்ட்டில்தான் செருக வேண்டும். கிராமங்களில் மாலை நேரத்து மின்னழுத்தமும் முக்கியம். 230 வோல்ட் 200ஆக இறங்கினால் சூடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். காலையில் பன்னிரண்டு நிமிடத்தில் வறுபட்ட கொட்டை மாலையில் வெளிறி நிற்பதற்குக் காரணம் மெஷினின் கோளாறாக இருக்க வேண்டியதில்லை.

எந்தக் கொட்டை?

கடையில் கேட்கும் பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. ‘பிளான்டேஷன் ஏ’ என்பது ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரல்ல. பழத்தின் சதையை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா கொட்டைக்குப் பெயர் பிளான்டேஷன்; ‘ஏ’ என்பது சல்லடை அளவு. பழத்தோடு காயவைத்து உடைத்தால் அது ‘செர்ரி’. பீபரி என்பது தனி ஜாதி அல்ல. ஒரு பழத்தில் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டு விளைந்தால் அது பீபரி. உருண்டையாக இருப்பதால் உருளையில் நன்றாகப் புரண்டு சீராக வறுபடும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஏற்றது.

கேரளத்தில் விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா. அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன், அதிகக் கசப்பு, கெட்டியான டிகாக்ஷன். அராபிகாவோடு கால் பங்கு கலந்தால் பாலைத் தாங்கி நிற்கும். முற்றத்தில் காயவைப்பவர்களுக்கு ஒரு பழைய சோதனை போதும்: ஒரு கைப்பிடி எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். ஈரக் கொட்டையை மெஷினில் போட்டால் நேரம்தான் வீண்.

முதல் வறுவல்

எடை போடாமல் ஆரம்பிக்கக் கூடாது. மெஷின் சொல்லும் அளவுக்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம். கல், கருப்பு, உடைசல், பூச்சி அரித்தது ஆகியவற்றைப் பொறுக்கிவிட வேண்டும். கெட்டுப்போன ஒரு கொட்டை ஒரு டம்ளரையே கெடுத்துவிடும்.

முதல் சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பச்சை மஞ்சளாகும்; வைக்கோல் வாசம் வரும், பிறகு ரொட்டி சுடும் வாசம். மெல்லிய தோல் உரிந்து பறக்கும். சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, சோளம் பொரிவதுபோல் ‘பட் பட்’டென்று வெடிக்கும். இதுதான் முதல் வெடி. இது ஓய்ந்து சற்று நேரம் கழித்து, 225 டிகிரி வாக்கில், மெல்லிய சிறு சத்தங்களாக இரண்டாம் வெடி தொடங்கும். எண்ணெய் மினுங்கும், புகை எழும். நம் பில்டர் காபிக்கு, இரண்டாம் வெடியின் முதல் சத்தம் கேட்கும்போது நிறுத்துவது உத்தமம். அதைத் தாண்டினால் கரியின் கசப்பு. இன்னும் விட்டால் கொட்டையே தீப்பிடிக்கும். அப்படி நேர்ந்தால் மூடியைத் திறக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, காற்றுப் போகாமல் மூடியே வைக்க வேண்டும். வறுபடும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்பது இதனால்தான்.

நிறுத்தியபின் நாலைந்து நிமிடத்துக்குள் ஆறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும். பெரிய சல்லடையும் மேஜை விசிறியும் போதும். ஆறியதும் மறுபடி எடை. நூறு கிராம் 85 ஆகியிருந்தால் நடுத்தர வறுவல், 82ஐத் தொட்டால் நல்ல அடர் வறுவல். நிறத்தைப் பார்த்து ஏமாறலாம், தராசு ஏமாற்றாது.

அவசரப்பட்டு அன்றே குடிப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். வறுத்த கொட்டை கரியமில வாயுவை வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு மூன்று நாள், விட்டுவிட வேண்டும். கொட்டையாக இரண்டு மூன்று வாரம் தாங்கும். அரைத்துவிட்டால் சில நாட்களிலேயே வாசம் போய்விடும். பச்சைக் கொட்டையோ ஈரமில்லாத இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும்.

முதல் நான்கைந்து வறுவல்கள் சொதப்பும். டிகாக்ஷனில் பச்சை வாசனையும் புளிப்பும் இருந்தால் வேகமாக வறுத்து, உள்ளே வேகவில்லை என்று அர்த்தம். சப்பென்றிருந்தால் குறைந்த சூட்டில் இழுத்தடித்திருக்கிறீர்கள். ஒரே கொட்டை, ஒரே எடை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் நேரத்தைக் குறித்து வந்தால் பிடிபட்டுவிடும். முறையாகக் கற்க விரும்புவோருக்குக் காபி வாரியம் ‘காபி சாஸ்திரா’ என்ற பயிற்சியை நடத்துகிறது.

லாபம் உண்டா?

மின்சாரச் செலவு பொருட்டே அல்ல: 1,400 வாட்ஸ் மெஷின் கால் மணி நேரம் ஓடினால் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை 850 கிராமாகத்தான் திரும்பும். இறக்குமதி மின்சார உருளையின் விலைக்கு ஒரு குடும்பம் பல வருஷம் தூள் வாங்கிவிடலாம். ஆகவே சிக்கனத்துக்காக வாங்குபவர் ஏமாந்துபோவார். ருசிக்காக வாங்குபவருக்கு ஏமாற்றம் இல்லை. சிக்கரி கலந்த காபித் தூளில் 51 சதம் காபி இருந்தாலே போதும் என்பதுதான் நம் சட்டம். வீட்டில் வறுப்பவருக்குத் தன் டம்ளரில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

மலைக்காரரின் கணக்கு வேறு. அவருக்கு மின்சார மெஷின்கூட வேண்டியதில்லை, கையால் சுற்றும் உருளை போதும். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா ராத்தல் நாலு டாலரைத் தாண்டியது. ரொபஸ்டாவும் உச்சத்தைத் தொட்டது. சரக்குக்கு மவுசு இருக்கும் காலத்தில், எந்தச் சரிவில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது, அதனால் ருசி எப்படி மாறியது என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பேரத்தில் ஒரு பிடி கிடைக்கும். மூட்டையைத் தைக்குமுன் இருநூறு கிராம் எடுத்து வைத்தால் போதும். மறுநாள் அடுப்பில் முதல் வெடி கேட்கும்போது, அவர் தன் தோட்டத்துக் காபியைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்திருப்பார்.