சோலார் மானியம் 78,000 ரூபாய்: உங்க வீட்டுக்கு கிடைக்குமா?



"மாசம் 60,000 சம்பளம் வாங்குறேன், எனக்கெல்லாம் அரசு மானியம் தருவாங்களா?" சோலார் பத்திப் பேசினாலே வர்ற முதல் கேள்வி இதுதான். தருவாங்க. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது.

முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூபாய், மூணாவதுக்கு 18,000. மொத்தம் 78,000. நீங்க 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான்.

யாருக்குக் கிடைக்கும்?

• சொந்த வீடு, பேனல் வைக்கிற மாதிரி கூரை இருக்கணும்.
• வீட்டு ஈபி இணைப்பு இருக்கணும்.
• இதுக்கு முன்னாடி சோலாருக்கு மானியம் வாங்கியிருக்கக் கூடாது.
• பேனலும் அதுக்குள்ள இருக்கிற செல்லும் இந்தியாவில் தயாரானதா இருக்கணும். திட்டத்தில் பதிவு செஞ்ச வென்டர்தான் மாட்டணும். விலை கம்மின்னு இறக்குமதி பேனல் வாங்கினா மானியம் போச்சு.

இன்னொண்ணு, பணம் முதல்லயே வராது. பேனல் மாட்டி, நெட் மீட்டர் வச்சு, ஈபி ஆய்வு முடிஞ்ச பிறகுதான் விண்ணப்பிச்சவர் பேங்க் கணக்குக்கு வரும். அதுவரைக்கும் முழுத் தொகைக்கும் நீங்கதான் ஏற்பாடு பண்ணணும், கையிலிருந்தோ லோன் போட்டோ. ஊர்ல அப்பா பேர்ல இருக்கிற வீடுன்னா, அப்பாதான் விண்ணப்பிக்கணும். ஈபி பில் இன்னும் தாத்தா பேர்ல ஓடுதா? முதல் வேலையா பெயர் மாற்றம் பண்ணிடுங்க.

ஆழ்வார்பேட்டை ஃப்ளாட்டில் இருக்கிறவங்களுக்கு?

மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. அசோசியேஷன் சம்மதம் இல்லாம தனியா பேனல் மாட்ட முடியாது. ஆனா அசோசியேஷனே விண்ணப்பிக்கலாம். லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு, மின் வாகன சார்ஜிங் எல்லாத்துக்கும் சேர்த்து கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கில் 500 கிலோவாட் வரை போகலாம். 10 கிலோவாட் போட்டா 1,80,000 ரூபாய் மானியம். காமன் சர்வீஸுக்கு இலவச யூனிட் கிடையாது, அதனால சோலார் தர்ற ஒவ்வொரு யூனிட்டும் மிச்சம்தான்.

தனி வீட்டுக்கு லாபமா?

1 கிலோவாட் ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுன்னா ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட்டுக்கு மேல. உங்க வீட்டில் ரெண்டு மாசத்துக்கே 200 யூனிட்தான் ஓடுதுன்னா, அதில் 100 ஏற்கனவே இலவசம். மீதி 100 யூனிட் காசை மிச்சம் பிடிச்சு, போட்ட முதலை எடுக்க ரொம்ப வருஷம் ஆகும். ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டுற வீட்டுக்கு ஸ்லாப் ஏற ஏற ரேட்டும் ஏறும், அங்கேதான் சோலார் சீக்கிரம் காசைத் திருப்பித் தரும்.

திட்டம் 2026-27 நிதியாண்டு வரைக்கும்தான். தனி வீடுன்னா கடைசி ஆறு ஈபி பில்லை எடுத்து யூனிட்டைக் கூட்டிப் பாருங்க. ஃப்ளாட்டுன்னா அடுத்த அசோசியேஷன் மீட்டிங்குக்கு காமன் சர்வீஸ் பில்லை கையோட எடுத்துட்டுப் போங்க.