நெடுஞ்சாலைப் பணம்: பூட்டு யாரிடம், சாவி யாரிடம்?

அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோல் போட்டால் 18.4 சென்ட் ஃபெடரல் வரி. 1993க்குப் பிறகு இந்த விகிதம் மாறவே இல்லை. இதில் பெரும்பகுதி 1956ல் தொடங்கிய ஹைவே டிரஸ்ட் ஃபண்ட் என்ற தனி நிதிக்குப் போய், அங்கிருந்து மாநிலங்களுக்குப் பிரிகிறது. கேள்வி என்னன்னா, அதை எதற்குச் செலவழிப்பது என்று யார் முடிவு செய்வது?

ஆரம்பத்தில் வாஷிங்டன்தான் முடிவு செய்தது. இன்டர்ஸ்டேட் சாலை போட்டால் செலவில் 90% அங்கிருந்து வரும், மாநிலம் 10% போட்டால் போதும். சாலை வேண்டாம், ரயில் விடுகிறோம் என்றால் அந்தப் பணம் கிடையாது. பத்து ரூபாய்க்கு நூறு ரூபாய்ச் சரக்கு கிடைக்கும்போது, அது நமக்குத் தேவையா என்று யார் யோசிப்பார்கள்? ஊர் நடுவே வீடுகளை இடித்து சாலை போட்டதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

1970ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜென்ட், பாஸ்டனுக்குள் வரவிருந்த நெடுஞ்சாலைகளை நிறுத்தி வைத்தார். அதற்குள் தென்மேற்குத் தடத்தில் ஏராளமான வீடுகளை இடித்து முடித்திருந்தார்கள். 1973ல் வந்த சட்டம்தான் வழி திறந்தது: கைவிட்ட இன்டர்ஸ்டேட் சாலைக்கு ஈடான ஃபெடரல் பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குக் கேட்டு வாங்கலாம். 1987ல் அதே தடத்தில் ஆரஞ்சு லைன் ரயில் ஓடியது. போர்ட்லாந்தும் மவுண்ட் ஹூட் ஃப்ரீவேயைக் கைவிட்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, 1986ல் திறந்த லைட் ரயிலுக்குப் போனது.

1991ல் வந்த சட்டம் இந்த நெகிழ்வை அன்றாட நடைமுறையாக்கியது. இன்று பெரும்பாலான திட்டங்களில், ஒரு தலைப்பில் வந்த பணத்தில் பாதி வரை மாநிலம் வேறு தலைப்புக்கு மாற்றலாம்.

சரி, முழுசா அவிழ்த்து விட்டுடலாமே? இங்கதான் சிக்கல். சாலைப் பாதுகாப்புக்கு வந்த பணத்தையும் இப்படி மாற்றலாம். புதுச் சாலை திறந்தால் ரிப்பன் வெட்டலாம்; பழைய பாலத்தின் துருவைச் சுரண்டினால் யார் கைதட்டுவார்கள்? மாநகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் மக்கள்தொகைப்படி ஒதுக்கும் பங்கில் மாநிலம் கை வைக்கக் கூடாது என்று சட்டம் தடுத்திருப்பதும் சும்மா இல்லை.

அதனால் நெகிழ்வு நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. சாவி வாஷிங்டனிலிருந்து மாநிலத் தலைநகருக்கு வருகிறது, அவ்வளவுதான். எந்தத் தலைப்பிலிருந்து எவ்வளவு எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பது அந்த ஊர் மக்கள் கண்ணில் படுகிறதா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.