யுத்தமும் எண்ணெய் விலையும்

எங்கோ ஒரு தேசத்தில் பீரங்கி முழங்குகிறது. இங்கே நம் வயலில் ஓடும் டீசல் எஞ்சினுக்கும், நூல் மூட்டைகளை ஏற்றிவரும் லாரிக்கும் செலவு கூடுகிறது. எண்ணெய்ப் பஞ்சம் ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் எண்ணிவிடுதல் சரியன்று. 1990-91ஆம் ஆண்டுகளின் வளைகுடா யுத்தம் இதனை நன்கு விளக்கும்.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக்கியப் படைகள் குவைத்தினுள் புகுந்தன. ஐக்கிய நாடுகள் சபை விதித்த வர்த்தகத் தடையால் அவ்விரு நாடுகளின் எண்ணெயும் சந்தைக்கு வருவது நின்றது. நாளொன்றுக்கு 40 லட்சம் பீப்பாய்களுக்கு மேல் குறைந்தது. பீப்பாய் ஒன்று சுமார் 159 லிட்டர் கொள்ளும். சவூதி அரேபியா முதலிய நாடுகள் உற்பத்தியைப் பெருக்கி, சில மாதங்களில் அக்குறையைப் பெரும்பாலும் ஈடு செய்தன. ஆயினும், படையெடுப்புக்கு முன் 20 டாலரை ஒட்டியிருந்த பீப்பாய் விலை அக்டோபரில் 40 டாலரைத் தாண்டிற்று. சவூதிக் கிணறுகளுக்கும் சேதம் நேருமோ என்ற அச்சமே விலையை ஏற்றிற்று.

1991 ஜனவரி 17 அன்று அமெரிக்காவும் அதன் நேச நாடுகளும் குண்டுவீச்சைத் தொடங்கின. விலை மேலும் ஏறும் என்றே பலர் எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ வேறு. தொழில்வள நாடுகள் தம் சேமிப்பு எண்ணெயை வெளியிட முன்வந்தன. சவூதிக் கிணறுகளுக்கு உடனடி ஆபத்தில்லை என்பதும் தெளிவாயிற்று. நியூயார்க் சந்தையில் ஒரே நாளில் விலை 10 டாலருக்கு மேல் சரிந்தது. பின்வாங்கிய ஈராக்கியர் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீயிட்டபோதும் அது பழைய உச்சத்தை எட்டவில்லை.

அந்த ஆறு மாத விலையேற்றமே நம் நாட்டை வாட்டிவிட்டது. எண்ணெய் இறக்குமதிக்கு அதிக டாலர் தேவைப்பட்டது. குவைத்தில் உழைத்த நம்மவர் அனுப்பிய பணம் நின்றது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்து தாயகம் திரும்பினர். வெளிநாட்டுக் கடனால் முன்னமே நலிந்திருந்த கஜானா தளர்ந்தது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை அயல்நாட்டு வங்கிகளிடம் ஈடுவைக்க நேர்ந்தது.

பின்னாளில் விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பூமிக்கடியில் 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும் கிடங்குகளை இந்தியா அமைத்தது. யுத்தத்தைத் தடுக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை. அச்சம் தணியும்வரை தாங்கி நிற்கக் கையிருப்பு வேண்டும். விதைநெல்லை ஒதுக்கி வைக்கும் உழவரும், நூல் மலிவாயிருக்கும்போது சங்கத்தின் மூலம் வாங்கி வைக்கும் நெசவாளரும் இவ்வுண்மையை நன்கு அறிவர். தனியொருவரால் இயலாத கையிருப்பு, பலர் கூடினால் இயலும்.