கடைசியாகப் பார்த்தவர்கள்

2012 மார்ச் மாதம். கல்லூரி விடுதியில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து ‘கோனி 2012’ பார்த்தோம். உகாண்டாவில் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டுபோய்த் துப்பாக்கி கொடுத்த ஜோசஃப் கோனியைப் பற்றிய அரைமணி நேரப் படம். அவன் பெயரை உலகம் முழுக்கப் பரப்பினால் பிடித்துவிடலாம் என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிரவே ஃபேஸ்புக்கில் பகிர்ந்தேன். ஆறே நாளில் 10 கோடி முறை பார்க்கப்பட்ட படம் அது.

எடுத்தது அமெரிக்காவின் ‘இன்விசிபிள் சில்ட்ரன்’ அமைப்பு. இணையத்தில் வெளியானது மார்ச் 5. வட உகாண்டாவின் லீரா நகரத்தில் திரையிட்டதோ மார்ச் 13. உள்ளூர்த் தொண்டு அமைப்பு ஒன்று திறந்தவெளியில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியது. ஆயிரக்கணக்கில் சனம் வந்தது. லீராவுக்குப் பக்கத்தில், சண்டையால் ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கியிருந்த பர்லோன்யோ முகாமில், 2004-ல் ஒரே நாளில் 300 பேருக்கு மேற்பட்டவர்களைக் கோனியின் ஆட்கள் கொன்றிருந்தார்கள். தங்கள் கதையைப் பார்க்க வந்தவர்கள் திரையில் கண்டது இயக்குநரையும் அவருடைய சின்ன மகனையும் அமெரிக்க இளைஞர்களையும். கோனி பெயர் போட்ட டி-ஷர்ட் வந்ததும் கூட்டம் கொதித்தது. சொந்தபந்தங்களைக் கொன்றவன் பெயரை நெஞ்சில் போட்டுக்கொள்வதா? கல் பறந்தது. மற்ற ஊர்களில் போடவிருந்ததையும் நிறுத்திவிட்டார்கள்.

கோனி 2006 வாக்கிலேயே உகாண்டாவை விட்டுப் போய்விட்டவன். முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்கு அப்போது இருந்த கவலைகள் வேறு: நிலத் தகராறு, பிள்ளைகளைப் பிடித்த தலையாட்டு நோய், கடத்தப்பட்டு மீண்டவர்களின் பிழைப்பு. வெளியார் வந்து மீட்பதாகக் காட்டும் கதை ஆப்பிரிக்கர்களைக் கையாலாகாதவர்களாக்குகிறது என்று உகாண்டா பத்திரிகையாளர் ரோஸ்பெல் ககுமிரே அந்த வாரமே வீடியோவில் சொன்னார். அதை நான் பார்த்தது பல வருஷம் கழித்து.

உலகமே பார்த்து முடித்த பிறகு லீராவுக்குக் காட்டினார்கள். அந்த வரிசைதான் தப்பு. யாருடைய துயரமோ அவர்கள் முதலில் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும்.

இப்போது தொண்டு நிறுவனங்களுக்குப் படம் எடுப்பதுதான் என் தொழில். ஒரு மழை வெள்ள நிவாரண முகாமில், சாப்பாட்டு வரிசையில் நின்ற ஓர் அம்மாவை எடுத்துவிட்டு கேமராவைத் திருப்பிக் காட்டினேன்.

“தட்ட நீட்டிக்கிட்டு நிக்கிறேனே தம்பி, இது வேணாம். நாளைக்கு வீட்டுச் சேத்த வாருவேன், அப்ப வந்து எடு.”

அழித்தேன். மறுநாள் போனபோது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இது போடு” என்றார்.