பழஞ்சொற் பற்றும் சமயப் பற்றும்

சமய நூலொன்றை மொழிபெயர்த்தல் வேறு. மொழிபெயர்த்த நூலைச் சமயத்தார் தம்முடையதாக ஏற்றுக்கொள்ளுதல் வேறு. முன்னது புலவர் சிலரது உழைப்பால் முற்றுப்பெறும். பின்னது பல்லாயிரவர் உள்ளத்தே நிகழ வேண்டுவது. தமிழ் விவிலியத்தின் முந்நூறாண்டு வரலாற்றில் பேரிடர் விளைத்தது பின்னதே. புதிய மொழிபெயர்ப்பு ஒவ்வொன்று வெளிவந்த காலத்தும், இது நம் முன்னோர் ஓதிய வேதம் அன்று என்னும் குரல் திருச்சபையின் உள்ளிருந்தே எழுந்தது. அக் குரலில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, பழமை ஏக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காண்பதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குச் சவ்வாது மலையை உரைகல்லாகக் கொள்ளலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாய், முன்னாளில் வட ஆர்க்காடு எனப்பட்டு இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களாகப் பிரிந்துள்ள நிலத்தே பரந்து கிடப்பது அம் மலை. அங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். பெயர் கொண்டு இவர்களைச் சேர நாட்டாராகக் கருதுதல் பிழை. மலையை ஆள்பவர் என்பதே அப் பெயரின் பொருள். இவர்தம் தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்து வேளாளர் வழியினர் தாம் என்று கூறும் பழங்கதையும் இவர்களிடையே உண்டு. சாமை விளைத்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த இம் மக்கள் வேடியப்பனையும் காளியையும் வழிபடுவோர். கிறித்தவர் இவர்களுள் மிகச் சிலரே. அடிவாரத்து ஊர்களின் நிலை வேறு. ஆர்க்காட்டுப் பகுதியில் அமெரிக்க மிஷன் 1853இல் தொடங்கியது. திருவண்ணாமலைப் பக்கத்தே டேனிசு மிஷனார் பணிபுரிந்தனர். அங்குள்ள சபையாருக்குப் பாட்டி ஓதிய வேதம் என ஒன்று உண்டு. மலைமேல் புதிதாகக் கேட்பவனுக்கு அத்தகைய நினைவு யாதும் இல்லை. ஒரே நூல் கீழே குலச்சொத்து. மேலே இன்னும் விதைக்கப்படாத விதை. இவ் வேறுபாட்டை மனங்கொண்டு பழைய பூசல்களை நோக்குவோம்.

கடவுளைக் குறிக்கும் சொல் ஒன்றே இவ் வரலாற்றைச் சொல்லப் போதுமானது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவர் ஆண்ட சொல் சர்வேசுரன் என்பது. அதுவும் அவர் படைத்ததன்று. அவருக்கு முன்பே கத்தோலிக்கத் துறவியர் வழங்கியதைக் கடன் கொண்டார். அவர் தமிழ்நடையை வீரமாமுனிவர் எள்ளி நகையாடியது புலவர் அறிந்த செய்தி. பின்னர், 1740இல் இந்தியா போந்து சென்னை வேப்பேரியில் நெடுநாள் பணியாற்றிய பெப்ரீசியசு பராபரன் என்னும் சொல்லைக் கொண்டார். அவரது புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. முதுமையில் கடன்பட்டுச் சிறையும் புகுந்து 1791இல் மறைந்த அவருடைய வாழ்வு துயரமானது. அவர் நூலின் வாழ்வோ மிக நீண்டது. முழந்தாளிட்டவாறே அவர் மொழிபெயர்த்தார் எனச் சபையாரிடையே செவிவழிச் செய்தியொன்று வழங்கியது. ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றி இத்தகைய கதை தோன்றிவிட்டால் அந்நூல் திருத்தத்திற்கு அப்பாற்பட்டதாகி விடுகிறது என்க.

அந் நூலைத் திருத்தத் துணிந்தவர் இரேனியுசு. 1814இல் சென்னைக்கு வந்து 1820 முதல் பாளையங்கோட்டையில் உழைத்த இவர், மூலத்தின் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்த்து அடுக்குவதினும் கருத்தைத் தமிழ் மரபிற்கு இயைய உரைப்பதே மொழிபெயர்ப்பு எனக் கொண்டவர். அவரது புதிய ஏற்பாடு 1833இல் வந்தது. பராபரன் போய்த் தேவன் வந்தது. ஆயின் அது நிறைவேறும் முன்னரே எதிர்ப்பு மூண்டுவிட்டது. எதிர்த்தோருள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார்.

சாத்திரியாரைப் பழமைவாதி என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுதல் தகாது. 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த இவர் சுவார்ட்சு ஐயரிடம் கல்வி பயின்றவர். இரண்டாம் சரபோசியின் ஆதரவு பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும்புலவர். கிறித்தவம் தமிழிசையில் வேரூன்றியதற்கு இவரினும் பெரிய காரணர் எவரையும் காட்டுதல் அரிது. 1829ஆம் ஆண்டளவில் புதிய மிஷனாரின் செயல்களைக் கொடுமைகள் எனச் சுட்டி இவர் நான்கு குறைகளை முறையிட்டார். வேத மொழிபெயர்ப்பை மாற்றுதல் ஒன்று; பல சாதியாரையும் சபையில் ஒன்றாகக் கலத்தல் மற்றொன்று; விழாவிலும் மணத்திலும் பூவை விலக்குதல், வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தல் என்பன ஏனைய இரண்டு.

இந் நான்கையும் ஒரே கட்டாக அவர் கட்டியதுதான் கருதத்தக்கது. கீர்த்தனைக்காக அவர் வாதாடியது முற்றிலும் முறையே. செருமானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு மட்டுமே இறைவன் செவிக்கு ஏற்கும் என்பது நம்பிக்கையன்று; வந்தவர்தம் ஊர் நினைவு. பூவை விலக்கியதும் அத்தகையதே. பழமை ஏக்கம் தமிழருக்கு மட்டும் உரியதென எண்ணற்க. கடல் கடந்து வந்தவர்கள் அதனைப் பெட்டியில் வைத்துக் கொண்டே வந்தனர். மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை சாத்திரியார் கூற்றிற் பாதி நியாயம் உண்டு. பழகிய சொல்லை அடிக்கடி மாற்றினால் எளியோர் எதனை வேதமென்று நம்புவர் என்பது எளிதில் தள்ளக்கூடிய வினாவன்று. ஆனால் சாதிப் பிரிவு? சபைக்குள் சிலர் ஒருபுறமும் சிலர் மறுபுறமும் அமர்ந்ததும், திருவிருந்தில் முன்பின் பார்த்ததும் முன்னோர் வழக்கமே என்பது உண்மை. முன்னோர் வழக்கம் என்பதைத் தவிர அதற்கு வேறு சான்று இல்லை என்பதும் உண்மை. எல்லோரும் ஓரப்பத்தில் பங்குகொள்ளும் சமயத்தில், சுவார்ட்சு காலத்துச் சபை அதனைப் பொறுத்திருந்தது என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது.

1833 சூலையில் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையினின்றும் அறவே உடனே ஒழித்தல் வேண்டுமெனக் கட்டளை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். பிற்பாடு தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக்கு லுத்தரன் மிஷன் இவ் வழக்கில் சற்று நெகிழ்ந்து நின்றமையால் விலகியவருட் பலர் அதனை அடைந்தனர். அங்கே பெப்ரீசியசின் வேதமும் நெடுங்காலம் வழங்கிற்று. பழைய நூலும் பழைய இருக்கையும் ஒருங்கே காக்கப்பட்டமை தற்செயல் நிகழ்ச்சி எனத் தோன்றவில்லை. சொல்லின்மீதுள்ள அன்பு தூயதேயாயினும் அதன் நிழலில் வேறொன்று ஒதுங்கிக்கொள்ள இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இதற்கிடையே யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் மொழிபெயர்ப்பொன்று செய்தார். அவருக்குத் துணைநின்றவர் சைவப் பெருந்தகை ஆறுமுக நாவலர். 1850இல் வெளிவந்த அதனைச் சென்னையார் ஏற்றிலர். பின்னர் என்றி போவர் தலைமையில் பல மிஷன்களின் சார்பாக உருவாகி 1871இல் முழுமையாக வந்ததே ஐக்கிய மொழிபெயர்ப்பு. போவர் தமிழைப் பொழுதுபோக்காகக் கற்றவரல்லர்; சாமிநாதையர் பதிப்பு 1887இல் வருவதற்கு முன்பே, 1868இல், சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை உரையோடு அச்சேற்றியவர். அவரது நூலையும் முதலில் ஐயத்தோடு நோக்கியோர் இருந்தனர். ஆயினும் இரண்டு தலைமுறைக்குள் அது பாட்டி ஓதிய வேதமாயிற்று. 1930களில் டேனிசு நாட்டு லார்சன் முதலியோர் அதனைத் திருத்தி எளிய நடையில் தந்தபோது, ஒருகால் பெப்ரீசியசுக்காக எழுந்த அதே குரல் இப்பொழுது போவருக்காக எழுந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடி உழைத்த திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. கத்தோலிக்கர் அதனை வழிபாட்டிற் கொண்டனர். சீர்திருத்த சபையாரிற் பெரும்பாலோர் இன்றும் ஐக்கிய மொழிபெயர்ப்பையே கையில் ஏந்துகின்றனர். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்து முதலியோர் தத்தம் மிஷன் பெருமையைத் துறந்து ஒன்றாயினர். ஆயர் மாறினார், ஆட்சி முறை மாறிற்று. பழகிய சொல் மட்டும் அசையவில்லை.

இனி மலைக்குச் செல்வோம். சுவிசேஷம், நிருபம், தீர்க்கதரிசி, அப்போஸ்தலர், இரட்சிப்பு என்னும் சொற்களை அடிவாரத்துக் கிறித்தவர் பொருளுணர்ந்து கற்றவரல்லர், தாய்ப்பாலோடு பருகியவர். சாமைக் கொல்லையிலிருந்து வந்து அமரும் ஒருவனுக்கு ஒவ்வொன்றையும் உரை கூறி விளக்கல் வேண்டும். நற்செய்தி, திருமுகம், இறைவாக்கினர், திருத்தூதர், மீட்பு என்பனவற்றுள் சிலவே விளக்கம் வேண்டுவன. விதைப்பவன் உவமையோ அவனுக்குச் சிறிதும் உரை வேண்டாதது. பாறைமேல் விழும் விதையும் முள்ளிடை விழும் விதையும் அவன் ஆண்டுதோறும் காண்பவை. நகரத்துச் சபையாரினும் அவனே அதனை நன்கு அறிவான். அந்த உவமைக்கும் அவனுக்கும் இடையே நிற்பது மொழிபெயர்ப்பாளரின் தமிழ் ஒன்றே.

ஆனால் பழஞ்சொல்லை விடுக என்று சொல்வார், அது எங்கெங்கு வேர்கொண்டுள்ளது என்பதையும் எண்ணல் வேண்டும். கணவனை அடக்கம் செய்த நாளில் ஒரு தாய் கேட்ட வாக்கியம், கண் மங்கிய முதியவர் மனப்பாடமாக ஓதும் சங்கீதம் ஆகியவற்றை அச்சகத்தார் திருத்தி அனுப்ப இயலாது. அவை நம்பிக்கையே, ஏக்கமென்று பழித்தல் அறியாமை. குற்றம் பிறப்பது வேறிடத்தில்: தனக்கு இனித்த சொல்லையே மலைமேல் உள்ளவனும் கற்றாக வேண்டும் என்று விதிக்கும்போது. பெப்ரீசியசு தம் முன்னோர் நூலைத் திருத்தினார். இரேனியுசு பெப்ரீசியசைத் திருத்தினார். போவர் இருவரையும் திருத்தினார். இம் மூவரும் அஞ்சாது மாற்றியது, கேட்பவன் உணரல் வேண்டும் என்ற ஒரே காரணத்தால். அவர்களைப் போற்றுவோர் அவர்தம் சொல்லைக் காத்து அவர்தம் செயலைக் கைவிடுதல் விந்தையே.

வழிபாட்டில் முதியோர்க்குப் பழைய பாடமும், புதிதாக வருவோர்க்கும் சிறாருக்கும் கற்பிக்கையில் புதிய பாடமும் கொள்வதில் தடையொன்றும் இல்லை. மலையூரில் வாசிக்கத் தொடங்கும் சபையோ எவர் நினைவையும் சுமக்கக் கடமைப்பட்டதன்று. தன் பேச்சுக்கு அண்மையானதை அதுவே தேர்ந்துகொள்ளலாம்.