சுத்தமான தொட்டியில் நத்தைக்குப் பட்டினி

மீன் தொட்டிக் கண்ணாடியில் பாசி படிகிறது என்று சொன்னால், கடைக்காரர் முதலில் காட்டுவது நெரைட் நத்தையைத்தான். நல்ல யோசனைதான். கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட ஓடு, ஒரு ரூபாய் நாணய அளவு உருவம். கண்ணாடி, கல், இலை என்று எதையும் விடாமல் மேய்ந்துவிடும். செடியைக் கடிக்காது. குஞ்சு பொரித்துத் தொட்டியை நிரப்பவும் செய்யாது.

சில வாரங்களில் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். சிக்கல் தொடங்குவது அப்போதுதான். துடைத்தெடுத்த அந்தப் பாசிதான் நத்தையின் சாப்பாடு, அது தீர்ந்துபோயிற்று. மீனுக்குப் போடும் தீனியை நெரைட் பெரும்பாலும் சீண்டுவதில்லை. நத்தை பட்டினியில் உடனே செத்துவிடாது. உடம்பை ஒடுக்கிக்கொண்டு வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பிறகு ஒருநாள் அசைவில்லாமல் கிடக்கும். ‘வயதாகிவிட்டது போல’ என்று எடுத்துப் போடுகிறோம். பல வீடுகளில் அதன் உண்மையான காரணம் பசி.

அந்தப் பசியைத் தீர்ப்பது கடினமான வேலை இல்லை. நெரைட் எதைச் சாப்பாடு என்று எடுத்துக்கொள்கிறது என்பது புரிந்தால் போதும்.

அடம் பிடிப்பது ஏன்?

நத்தை கண்ணாடியில் ஊரும்போது வெளிப்பக்கமிருந்து அதன் வாயைக் கவனியுங்கள். இரண்டு உணர்கொம்புகளுக்கு நடுவே வாய் திறக்கும். உள்ளிருந்து ஒரு சிறு நாடா வெளியே வந்து, கண்ணாடியை ஒரு வழி வழித்துவிட்டு உள்ளே போகும். தலை இடமும் வலமுமாக அசைய, இதுவே திரும்பத் திரும்ப நடக்கும். கண்ணாடியில் பச்சை அடர்ந்திருந்தால், நத்தை போன பாதை நெடுக வளைந்து வளைந்து வழித்த தடம் தெரியும்.

அந்த நாடாவுக்கு அராவும் நாக்கு என்று பெயர். நெரைட் இனத்தில் அதன் ஒவ்வொரு வரிசையிலும் மெல்லிய பற்கள் ஏராளமாக இருக்கின்றன. துடைப்பக்குச்சிகள் தரையைப் பெருக்குவதுபோல் அவை பரப்பின்மேல் படிந்ததைக் கூட்டி அள்ளுகின்றன. பழுப்பு நிற டயாட்டம் பாசி, மென்மையான பச்சைப் பாசி, பாக்டீரியாக்கள் சேர்ந்து உண்டாகும் வழுவழுப்பான படலம், பச்சைப் புள்ளிப் பாசி ஆகியவை இப்படி அள்ளக் கூடியவை. நீளமாக வளரும் முடிப்பாசியையும் கறுப்புத் தாடிப்பாசியையும் நெரைட் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால் தொட்டி முழுக்கப் பாசி மண்டியிருந்தும் நத்தை பட்டினி கிடக்கலாம்.

இன்னொரு காரணம் அதன் பிறப்பிடம். நெரைட் தொட்டியில் முட்டையிடும். கண்ணாடியில் எள் அளவில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு எளிதில் சுரண்ட வராமல் இருப்பவை அந்த முட்டைகள்தான். ஆனால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான வகைகளின் இளம்புழுக்கள் கடல்நீரை அடைந்தால்தான் வளரும். வளர்ந்தபின் ஆற்றுக்குத் திரும்பும். நன்னீர்த் தொட்டியில் அவை பிழைப்பதில்லை. ஆகவே கடைகளில் விற்கும் நெரைட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஆற்று முகத்துவாரங்களில் பிடிக்கப்பட்டவை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்து ஆறுகள் முதல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை வரை இந்தக் குடும்பம் பரவியிருக்கிறது. நம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் இதன் உறவினங்கள் உண்டு. ஆயுள் முழுவதும் கல்லையும் வேரையும் வழித்துத் தின்ற உயிருக்கு, தொட்டி அடியில் கிடக்கும் தீனி வில்லையைப் பார்த்தால் சாப்பாடு என்று தோன்றாது. தொட்டியிலேயே பிறந்து வளரும் ராம்ஸ்ஹார்ன், மிஸ்ட்ரி நத்தைகள் கிடைத்ததையெல்லாம் தின்பதைப் பார்த்துவிட்டு இதனிடமும் அதை எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே ஒரே விதிதான்: கடினமான பரப்பின்மேல் மெல்லிய படலமாக இருந்தால் அது நெரைட்டுக்குச் சாப்பாடு. கீழே சொல்லும் வழிகள் எல்லாம் அந்த விதியை ஒட்டியவை.

முதல் வழி: துடைக்காமல் விடுவது

நாம் பார்க்கும் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் அப்படியே இருக்கட்டும். கல்லையும் கட்டையையும் தேய்த்துக் கழுவாதீர்கள். விளக்கு ஆறு மணி நேரம் எரிகிறது என்றால் எட்டு மணி நேரமாக்கிப் பாருங்கள். பெரிய தொட்டியில் ஓரிரு நத்தைக்கு இதுவே போதும்.

இரண்டாம் வழி: கல்லில் பாசி வளர்ப்பது

நெரைட் வளர்ப்பவர்கள் அவசியம் பழக வேண்டியது இது. உள்ளங்கை அளவில் வழவழப்பான கூழாங்கற்கள் ஏழெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு போடாமல் கழுவி, அகலமான கண்ணாடி ஜாடியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ பரப்புங்கள். தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது வெளியே ஊற்றப்போகும் பழைய தண்ணீரை அதில் நிரப்புங்கள். மீன் கழிவிலிருந்து வந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதில் இருப்பதால் பாசிக்குத் தனியாக உரம் வேண்டியதில்லை. செம்புப் பாத்திரம் கூடவே கூடாது. செம்பு நத்தைக்கு நஞ்சு.

டப்பாவைக் காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். கோடையின் உச்சி வெயிலில் சிறிய டப்பாவின் தண்ணீர் கொதித்துவிடும். மேலே கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுவது முக்கியம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கிய தண்ணீர் மிகவும் பிடித்த இடம்.

ஒன்றிரண்டு வாரங்களில் கல்லின்மேல் பழுப்பாகவோ பச்சையாகவோ படலம் பிடிக்கும். விரலால் தொட்டால் வழுக்க வேண்டும், அதுதான் பதம். முடிபோல் நீளும் வரை விடக் கூடாது. கல்லை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் லேசாக அலசி உள்ளே வையுங்கள். நத்தையை மெதுவாக எடுத்து, அடிப்பாதம் கல்லில் படும்படி அதன்மேல் விடுங்கள். மேய்ந்து முடித்த கல் மீண்டும் டப்பாவுக்குப் போகட்டும், அடுத்த கல் தொட்டிக்கு வரட்டும். இந்தச் சுழற்சி அமைந்துவிட்டால் நத்தைக்குச் சாப்பாடு தடைபடாது.

மூன்றாம் வழி: தீனியைப் படலமாக்குவது

மழைக்காலத்தில் வெயில் கிடைக்காதபோது இது கைகொடுக்கும். பாசி வில்லையையோ ஸ்பைருலினா பொடியையோ சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கல்லில் மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டுத் தொட்டியில் வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் கரைந்து தண்ணீர் கலங்கும்.

இன்னும் உறுதியாக ஒட்ட வேண்டுமென்றால் அகர் அகர் சேர்க்கலாம். இனிப்பு செய்ய வாங்கும் சைனா கிராஸ், கடல்பாசி எல்லாம் அதுவே. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் அகர் பொடியைக் கொதிக்க வைத்துக் கரைத்து இறக்குங்கள். சற்று ஆறியதும் ஸ்பைருலினா, வேகவைத்து மசித்த கீரை, நைசாக அரைத்த முட்டை ஓட்டுப் பொடி கலந்து, உறைவதற்குள் கல்லில் பூசுங்கள். சர்க்கரை, உப்பு எதுவும் சேரக் கூடாது. ஜெலட்டின் வைத்துச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் தண்ணீர் 30 டிகிரியை நெருங்கும் நம் ஊர்த் தொட்டியில் ஜெலட்டின் இளகிவிடும், அகர் இளகாது.

காய்கறியையும் முயலலாம். தோல் சீவிய வெள்ளரிக்காய், சுரைக்காய், பசலைக்கீரை ஆகியவற்றை உப்பில்லாமல் அரைவேக்காடாக வேகவைத்துப் போடுங்கள். சில நெரைட்டுகள் பழகிக்கொள்ளும், பல திரும்பியும் பார்க்காது. அதனால் காய்கறியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பூசிய கல்லோ காயோ, விளக்கை அணைத்தபின் வைப்பது நல்லது. மீன்கள் அடங்கியிருக்கும், நெரைட்டும் இரவில் நன்றாக மேயும். மறுநாள் காலை மிச்சத்தை எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி அம்மோனியா ஏறும்.

ஓட்டுக்கும் சாப்பாடு வேண்டும்

ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலத் தன்மையுள்ள தண்ணீர் அதைக் கரைக்கும். பி.எச். 7-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, நத்தைக்கு அது நல்லது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றும் தொட்டியில் ஓட்டில் வெள்ளைக் குழிகள் விழும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும். அதில் ஒரு துண்டைப் போட்டு வைத்தால் கால்சியம் மெல்ல மெல்லச் சேரும். மீனுக்கு மருந்து ஊற்றுமுன் அதில் செம்பு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால் நத்தையை முதலில் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

சாப்பிடுகிறதா என்று எப்படித் தெரியும்?

எச்சத்தைப் பாருங்கள். மேய்கிற நத்தை பச்சையாகவோ பழுப்பாகவோ சிறு துணுக்குகளாக எச்சம் போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளாக எச்சமே இல்லை, ஒரே இடத்தில் அசையாமல் இருக்கிறது, ஓட்டின் வாயை அடைக்கும் மூடி உள்ளே ஆழமாகப் போயிருக்கிறது என்றால் பசி முற்றிவிட்டது. உடனே பாசிக் கல்லின்மேல் எடுத்து விடுங்கள். மல்லாந்து கிடந்தாலும் திருப்பிவிடுங்கள். பல நெரைட்டுகளால் தாமாகப் புரண்டு எழ முடியாது.

வாங்கும் முன்

புதிதாக வைத்த தொட்டிக்கு நெரைட் வேண்டாம். இரண்டு மூன்று மாதமாவது ஓடி, கல்லிலும் கண்ணாடியிலும் படலம் பிடித்த தொட்டியாக இருக்க வேண்டும். ஐம்பது லிட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். கூட்டமாக விட்டால் ஒன்றின் சாப்பாட்டை மற்றது தின்றுவிடும். இது ஆற்றில் சுதந்திரமாக மேய்ந்த உயிர். கண்ணாடியைத் துடைக்கும் கருவியாக எண்ணி வாங்குவது அதற்குச் செய்யும் அநியாயம். முதலில் வெயிலில் டப்பாவையும் கற்களையும் வையுங்கள். கல்லில் பாசி பிடித்த பிறகு கடைக்குப் போங்கள்.