வாசலிலே நிற்கும் தகுதி!

இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியின் வாசலிலே காத்து நிற்போர் பலர். உள்ளே அழைக்கப்படுவோர் யார்? அங்கேதான் வழக்கு!

கிளாமர்கன் கவுண்டியின் ஆலன் ஜோன்ஸ் முதல்தர ஆட்டங்களில் குவித்தது 36,049 ஓட்டங்கள். 1970-ல் உலக அணிக்கு எதிராக ஒரே ஒருமுறை அழைத்தனர். பிறகு, "அது டெஸ்டே அல்ல" என்று கைவிரித்தனர்! தொப்பி தர மனம் வந்தது 2020-ல். அதே கவுண்டியின் டான் ஷெப்பர்ட் 2,218 விக்கெட் வீழ்த்தியும் டெஸ்ட் ஆட அழைப்பே இல்லை.

பழங்கதையா இது? ஆறே முதல்தர ஆட்டம் கண்டிருந்த சோயப் பஷீர், 2024-ல் விசாகப்பட்டினத்தில் டெஸ்ட் களம் இறங்கினார். அவ்வாண்டு கவுண்டி ஆட்டக்காரர்களே தலைசிறந்தவரெனத் தேர்ந்தெடுத்த லியம் டாசனோ வெளியே! 2025-ல் பஷீரின் விரல் முறிந்த பிறகே, எட்டாண்டு கழித்து அவருக்குக் கதவு திறந்தது; ஒரே ஆட்டத்தோடு மூடியது.

இளைஞருக்கு வாய்ப்பு வேண்டாமென்பதல்ல நம் வாதம். ராஞ்சியில் ஐந்து விக்கெட் வீழ்த்தித் தன் திறன் காட்டியவர்தான் பஷீர். ஆனால், நாளைய நம்பிக்கைக்கு நாற்காலி போடுவோர், நேற்றைய உழைப்புக்கு நிற்கவும் இடம் மறுப்பதா? கவுண்டிக் கணக்குக்கு மதிப்பில்லையென்றால், கவுண்டி ஆட்டந்தான் எதற்கு?

தேர்வாளர்களே, ஏட்டைப் புரட்டுங்கள்!